அமெரிக்க வரலாறு, 1901 முதல் 1929 வரை: வகுப்பில் நடத்துவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூ ஜெர்சியில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் 11ஆம் வகுப்புக்கு அமெரிக்க வரலாறு நடத்துகிறேன். புதிதாக ஆசிரியர் வேலைக்கு வரும் தமிழ்ப் பிள்ளைகள் போன் பண்ணிக் கேட்பார்கள். தமிழ்ப் பள்ளி வாசலில் பெற்றோர் நிறுத்திக் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

"இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்"னு போட்டிருக்கே, எந்த வருஷத்துல இருந்து எந்த வருஷம் வரைக்கும்?

நான் 1901 செப்டம்பரில் தொடங்கி 1929 அக்டோபரில் முடிக்கிறேன். முதலாவது, அதிபர் மெக்கின்லி பஃபலோ நகரில் சுடப்பட்டு இறந்து, 42 வயது தியோடர் ரூஸ்வெல்ட் பதவிக்கு வந்த மாதம். இரண்டாவது, நியூயார்க் பங்குச் சந்தை சரிந்த மாதம். உயர்நிலைப் பள்ளியிலேயே கல்லூரி அளவில் நடத்தும் ஏபி பாடத்திட்டமோ 1890 முதல் 1945 வரை ஒரே காலகட்டமாக எடுத்துக்கொள்கிறது.

கோட்டை எங்கே போட்டாலும் தவறில்லை. ஏன் அங்கே போட்டோம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும். ரூஸ்வெல்டிலிருந்து தொடங்கினால் இது சீர்திருத்தத்தின் கதை. கறுப்பினத்தவரைத் தனியாகப் பிரித்துவைப்பது சட்டப்படி சரி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன 1896இல் தொடங்கினால் அது வேறு கதை. இரண்டும் நடந்தவை. இரண்டையும் சேர்த்தே நடத்த வேண்டும் என்பது என் கட்சி. கீழே உள்ள பல பதில்களில் இது திரும்ப வரும்.

இது எந்த கிளாஸ்ல வரும்? நாடு முழுக்க ஒரே சிலபஸ் இல்லையா?

இல்லை. மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவிலும் டெக்ஸஸிலும் 11ஆம் வகுப்பு. நியூயார்க்கில் ரீஜண்ட்ஸ் என்ற மாநிலத் தேர்வு உண்டு. நியூ ஜெர்சியில் உயர்நிலைப் பள்ளியில் இரண்டு ஆண்டு அமெரிக்க வரலாறு கட்டாயம். இந்தக் காலம் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில் வரும். உங்கள் மாவட்டத்தின் பாடத்திட்டத்தைப் பார்த்துவிடுங்கள்.

அக்கா, புத்தகத்தை வரிசையா நடத்தினா போதாதா? எதுக்கு இந்தப் பழைய போட்டோ, கடிதம் எல்லாம்?

புத்தகம் வேண்டும். ஆனால் அதில் "தொழிற்சாலைகளில் குழந்தைகள் வேலை செய்தனர்" என்று ஒரு வரி வரும். பிள்ளைகள் அதை அடிக்கோடு போட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவார்கள்.

லூயிஸ் ஹைன் என்ற புகைப்படக்காரர், தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக 1908இலிருந்து ஆலை ஆலையாகப் போய்ப் படமெடுத்தார். அதற்கு முன் அவர் பள்ளி ஆசிரியர். தென் கரோலினாவில் லாங்காஸ்டர் பஞ்சாலையில் அவர் எடுத்த ஒரு படத்தில் சேடி ஃபைஃபர் என்ற சிறுமி நூற்பு எந்திர வரிசையின் முன் நிற்கிறாள். உயரம் 48 அங்குலம், ஆறு மாதமாக வேலை செய்கிறாள் என்கிறது படக்குறிப்பு. இந்தப் பாடத்துக்கு முந்தைய நாள் சாயங்காலம், வகுப்புச் சுவரில் 48 அங்குல உயரத்தில் நீல டேப் ஒட்டிவைப்பேன். ஒன்றும் சொல்ல மாட்டேன். மறுநாள் ஒவ்வொருவராகப் பக்கத்தில் போய் நின்று பார்ப்பார்கள். ஒரு வருஷம் கூடைப்பந்து ஆடும் ஆறடிப் பையன் ஒருவன், தன் நெஞ்சுக்குக் கீழே நின்ற அந்த டேப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது என் தங்கச்சி உயரம், ரெண்டாங்கிளாஸ் படிக்கிறா" என்றான். அதற்கு அப்புறம்தான் படத்தைத் திரையில் போட்டேன்.

பரிதாபப்பட வைத்ததோடு நிறுத்தக் கூடாது. படத்தை எடுத்தவர் யார், யாருக்காக எடுத்தார், எதைப் படத்துக்கு வெளியே விட்டார் என்று கேட்க வேண்டும். குழந்தைத் தொழிலைத் தடுக்கச் சட்டம் வர வேண்டும் என்று உழைத்தவர் ஹைன். அதனால் படம் பொய்யாகிவிடாது; ஆனால் எதைப் படமெடுப்பது என்பதை அந்த நோக்கம்தான் தீர்மானித்தது. அடுத்த நாள் ரோலண்ட் டாகன்ஹார்ட்டின் வழக்கைக் கொடுப்பேன். 1916இல் வந்த தடைச் சட்டத்தை எதிர்த்து, தன் மகன்கள் ஆலையில் வேலை செய்ய உரிமை கேட்டு வழக்குப் போட்ட வட கரோலினாத் தகப்பன் அவர். 1918இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. நாடு தழுவிய தடை நிலைபெற 1938 ஆயிற்று. ஒரு தகப்பன் ஏன் அப்படிக் கேட்டார் என்று பிள்ளைகள் பேச ஆரம்பித்தால் மணி அடிப்பதுகூடக் காதில் விழாது.

இந்த ஆவணம் எல்லாம் எங்க கிடைக்கும்? காசு கட்டணுமா?

காசு வேண்டாம். ஹைனின் படங்கள் 5,000க்கு மேல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தளத்தில் இருக்கின்றன. பழைய செய்தித்தாள்களும் அங்கேயே. தேசிய ஆவணக் காப்பகம் ஆசிரியர்களுக்காகவே ஒரு தளம் வைத்திருக்கிறது. கீழே வரும் 1911ஆம் வருஷ ட்ரயாங்கிள் தொழிற்சாலைத் தீ விபத்துக்குக் கார்னெல் பல்கலைக்கழகத்தின் தொகுப்பை விட நல்லது நான் பார்த்ததில்லை. புதிய ஆசிரியர்கள் எடுத்தவுடன் பத்து ஆவணம் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு வகுப்புக்கு இரண்டு போதும். மொழி கடினமாக இருந்தால் சுருக்கிக் கொடுங்கள், சுருக்கியதைச் சொல்லியும் விடுங்கள்.

என் பொண்ணு ஏபி எழுதப் போறா. தேதி எல்லாம் மனப்பாடம் பண்ணச் சொல்ல மாட்டேங்கிறீங்களே, மார்க் எப்படி வரும்?

தேர்வே ஆவணத்தை வைத்துத்தான் நடக்கிறது. பிள்ளைகள் டிபிக்யூ என்று சொல்லும் கட்டுரைக்கு 7 ஆவணங்கள் கொடுப்பார்கள், 60 நிமிடம், மொத்த மதிப்பெண்ணில் 25 சதவீதம். அந்த ஆவணத்தை எழுதியவர் யார், எந்தச் சூழலில், யாரை மனதில் வைத்து எழுதினார் என்று விளக்குவதற்கே மதிப்பெண் உண்டு. மேலே ஹைனின் படத்தை வைத்துச் செய்தது அந்தப் பயிற்சிதான்.

தேதியே வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. எது முன், எது பின் என்று தெரியாமல் காரணம் பேச முடியாது. ஒரு முப்பது தேதி தெரிந்தால் போதும். மற்றவை அவற்றில் வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஒரு தீ விபத்துக்கு எதுக்கு ரெண்டு நாள்? புத்தகத்துல அரைப் பக்கம்தானே இருக்கு?

1911 மார்ச் 25, சனிக்கிழமை, வேலை முடியும் நேரம். நியூயார்க்கில் ட்ரயாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில், 8ஆம் மாடியில் தீ பிடித்தது. 9ஆம் மாடியில் ஒரு பக்கக் கதவு பூட்டிக் கிடந்தது. தீயணைப்பு வண்டியின் ஏணி 6ஆம் மாடி வரைதான் எட்டியது. அரை மணி நேரத்துக்குள் 146 பேர் போனார்கள். பெரும்பாலோர் யூத, இத்தாலியக் குடியேறிக் குடும்பங்களின் இளம் பெண்கள். என் மாணவர்களின் வயதுதான் பலருக்கு.

இந்த ஒரு சம்பவத்தைப் பிடித்து இழுத்தால் அந்தக் காலமே கூட வருகிறது. குடியேற்றம் வரும். 1909இல் 20,000 சட்டைத் தொழிலாளர்கள் செய்த வேலைநிறுத்தம் வரும். அதில் இந்தத் தொழிற்சாலைப் பெண்களும் இருந்தார்கள். இந்தத் தீக்கு நான்கு மாதம் முன்பு எங்கள் நியூவார்க்கில் ஒரு தையல் தொழிற்சாலை எரிந்து இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் செத்தார்களே, அப்போது ஏன் ஒருவரும் பாடம் கற்கவில்லை என்ற கேள்வி வரும். பக்கத்தில் ஒரு வீட்டுக்கு வந்திருந்த ஃபிரான்சஸ் பெர்கின்ஸ் ஓடி வந்து ட்ரயாங்கிள் தீயைப் பார்த்தார். 1933இல் அவர் தொழிலாளர் துறைச் செயலராகி, அமெரிக்க அமைச்சரவையின் முதல் பெண் ஆனார்.

முதல் நாள் சாட்சியங்களை வாசிப்போம். இரண்டாம் நாள் விசாரணை. முதலாளிகள் பிளாங்க், ஹாரிஸ் இருவரையும் ஜூரி விடுவித்தது; அந்த நேரத்தில் கதவு பூட்டியிருந்தது அவர்களுக்குத் தெரியும் என்று சந்தேகமற நிரூபிக்க வேண்டியிருந்தது. பிள்ளைகளையே ஜூரியாக உட்கார வைப்பேன். ஒவ்வொரு வருஷமும் கோபத்தோடு உள்ளே வந்து, சட்டத்தைப் படித்ததும் சில பேர் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் வர வேண்டும் என்றுதான் ஒரு முழு நாள் தருகிறேன்.

"முற்போக்குக் காலம்"னு பேரு. அப்ப அது நல்ல காலம்னு சொல்லிக் கொடுக்கலாமா?

இந்தச் சீர்திருத்தக் காலத்துக்குப் புத்தகங்கள் வைத்திருக்கும் பெயரை அப்படியே நம்பி நடத்தினால் பாதி மறைந்துவிடும். எங்கள் ஊர்க்காரரையே எடுத்துக்கொள்கிறேன். உட்ரோ வில்சன் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத் தலைவர், நியூ ஜெர்சி ஆளுநர், அப்புறம் 1913 முதல் 1921 வரை அதிபர். நாட்டின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் அமைப்பு அவர் காலத்தில் வந்தது. மேலே சொன்ன 1916ஆம் வருஷக் குழந்தைத் தொழில் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். அதே வில்சனின் ஆட்சியில்தான் 1913இல் அஞ்சல் துறையிலும் கருவூலத்திலும் கறுப்பின ஊழியர்களைத் தனியாகப் பிரித்து உட்கார வைத்தார்கள். வில்லியம் மன்றோ ட்ராட்டர் என்ற கறுப்பினப் பத்திரிகையாளர் 1914இல் வெள்ளை மாளிகைக்கே போய் இதைத் தட்டிக் கேட்டபோது, அவர் பேசிய தொனி பிடிக்கவில்லை என்று வில்சன் பேச்சை முடித்து வெளியே அனுப்பினார்.

பல ஆசிரியர்கள் திங்கட்கிழமை "வில்சனின் சீர்திருத்தங்கள்", மூன்று வாரம் கழித்து "இனப் பாகுபாடு" என்று நடத்துகிறார்கள். பிள்ளைகள் மனதில் அவர்கள் இரண்டு வேறு நாட்டு மனிதர்களாகப் பதிகிறார்கள். நான் ஒரே நாளில், ஒரே தாளின் இரண்டு பக்கத்திலும் அச்சிட்டுக் கொடுக்கிறேன். "அப்ப அவர் நல்லவரா கெட்டவரா மிஸ்?" என்று கேட்பார்கள். இந்தச் சட்டத்தால் யாருக்கு என்ன கிடைத்தது, யார் வெளியே நிறுத்தப்பட்டார்கள், இரண்டும் ஒரே கையால் எப்படி நடந்தது என்று கேள்வியை மாற்றித் திருப்பிக் கொடுப்பேன். 2020இல் பிரின்ஸ்டன் தன் பொதுக்கொள்கைப் பள்ளியிலிருந்து வில்சன் பெயரை எடுத்தது சரியா என்று கட்டுரை எழுதச் சொன்னால், இரண்டு பக்கமும் நல்ல வாதங்கள் வருகின்றன.

1920ல பெண்களுக்கு ஓட்டு வந்தது. அவ்வளவுதானே, அதுல குழப்பம் என்ன இருக்கு?

பெண்களுக்கு ஓட்டுரிமை தந்த 19ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்கு, 1920 ஆகஸ்ட் 18 அன்று டென்னசி மாநிலச் சட்டமன்றம் தந்த ஒப்புதலோடு தேவையான மாநிலங்களின் எண்ணிக்கை நிறைந்தது. ஹாரி பர்ன் என்ற 24 வயது உறுப்பினர், ஆதரித்து ஓட்டுப் போடச் சொன்ன அம்மாவின் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்து மனம் மாறி ஓட்டுப் போட்டார். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த கதை. நானும் ஆசையாகவே சொல்வேன். அதோடு, வெள்ளை மாளிகை வாசலில் 1917இல் பதாகையோடு நின்று சிறை போன ஆலிஸ் பால் எங்கள் மவுண்ட் லாரலில் பிறந்தவர் என்பதையும் சொல்லாமல் விட மாட்டேன்.

ஆனால் தெற்கு மாநிலங்களில் கறுப்பினப் பெண்களை, ஆண்களைத் தடுத்தது போலவே, ஓட்டுப் போடக் கட்ட வேண்டிய தலைவரியாலும் எழுத்தறிவுத் தேர்வாலும் தடுத்தார்கள். அது உடைந்தது 1965இல். பூர்வகுடி மக்கள் எல்லாருக்கும் குடியுரிமையே 1924இல்தான். அப்புறம் பிள்ளைகள் வாயைப் பிளக்கும் ஒரு விஷயம்: சொத்துள்ள பெண்கள் நியூ ஜெர்சியில் 1807 வரை ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள், பிறகு அது பறிக்கப்பட்டது. உரிமை ஒரே திசையில்தான் நகரும் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒன்றே போதும்.

டல்சா மாதிரி கொடுமைகளைப் பதினாறு வயசுப் பிள்ளைங்ககிட்ட எப்படி நடத்துறது? படம் காட்டலாமா?

நடத்த வேண்டும். ஓக்லஹோமாவின் டல்சாவில் 1921 மே 31, ஜூன் 1 இரண்டு நாளில், கிரீன்வுட் என்ற கறுப்பினப் பகுதியில் 35 தெருத் தொகுதிகளை வெள்ளையர் கும்பல் எரித்தது. 1,200க்கும் மேற்பட்ட வீடுகள் போயின. இறந்தவர்கள் 300 பேர் வரை இருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு.

எரிந்ததிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். முதல் நாள் கிரீன்வுட்டின் ஹோட்டல், திரையரங்கம், செய்தித்தாள், மருத்துவர்கள், வக்கீல்கள். அங்கே வாழ்ந்தவர்களை மனிதர்களாகத் தெரிந்துகொண்ட பிறகு மறுநாள் அழிவு. எரிந்த கட்டடங்களின் படம் காட்டுவேன். உடல்களின் படம் காட்ட மாட்டேன். கும்பல் கொலைகளைப் படமெடுத்து அஞ்சலட்டையாக விற்ற காலம் அது. அந்த அட்டையை நானும் ஒரு முறை சுற்றுக்கு விட வேண்டாம். என் வகுப்பில் உள்ள கறுப்பினப் பிள்ளைகள் பக்கம் எல்லார் கண்ணும் திரும்பாமல் பார்த்துக்கொள்வதும் ஆசிரியரின் வேலை. "நீ என்ன நினைக்கிறாய்?" என்று அவர்களைப் பெயர் சொல்லிக் கேட்டுவிடாதீர்கள்.

பழைய செய்தித்தாள்ல இழிவான வார்த்தை வந்தா சத்தமா வாசிக்கலாமா?

தாளில் இருப்பது இருக்கட்டும், வாயால் சொல்ல வேண்டாம். இந்த விதியை வருஷத்தின் முதல் வாரமே சொல்லி வைத்துவிடுகிறேன்.

அப்ப நம்ம ஆளுங்க யாராவது அங்க இருந்தாங்களா? என் பையன் "இது நம்ம கதை இல்ல"ங்கிறான்.

இருந்தார்கள், பெரும்பாலும் பஞ்சாபிகள். 1907 செப்டம்பரில் வாஷிங்டன் மாநிலம் பெல்லிங்ஹாமில் மர ஆலைகளில் வேலை செய்த இந்தியர்களை ஒரு கும்பல் அடித்து ஊரை விட்டே விரட்டியது. 1913இல் சான் பிரான்சிஸ்கோவைத் தளமாகக் கொண்டு, பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த இந்தியர்களின் கதர் (Ghadar) கட்சி கிளம்பியது. 1917ஆம் வருஷச் சட்டம் ஆசியாவின் பெரும்பகுதியிலிருந்து ஆள் வருவதையே தடுத்தது.

நான் விரிவாக நடத்துவது பகத் சிங் திந்த் வழக்கை. முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். அன்றைய சட்டப்படி குடியுரிமை பெற "வெள்ளையர்" ஆகவோ ஆப்பிரிக்க வம்சாவளியாகவோ இருக்க வேண்டும். அவர் வழக்கு 1923 பிப்ரவரி 19 அன்று உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. அதைக் காட்டி, ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்தும் அதைப் பிடுங்கினார்கள். இந்தியர்களுக்குக் கதவு மறுபடி திறந்தது 1946இல், அதுவும் வருஷத்துக்கு 100 பேருக்கு.

இங்கே நம் பிள்ளைகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்தப் பாகுபாடே தவறு என்று திந்த் தரப்பு வாதாடவில்லை. அவர் உயர்சாதி, ஆரியர், எனவே வெள்ளையர் என்று வாதாடியது. சாதியைச் சான்றிதழாக நீட்டியது. அநீதிக்கு ஆளானவர், இன்னொரு அநீதியைப் படிக்கட்டாக்கி மேலே ஏறப் பார்த்தார். வில்சன் பற்றிய பதிலில் சொன்ன அதே சிக்கல், இந்தத் தடவை நம் வீட்டுக்குள். பெற்றோர் சிலருக்கு இதை நான் நடத்துவது பிடிக்கவில்லை. அப்படியும் நடத்துகிறேன், தமிழ்நாட்டிலிருந்து வந்தவள் இதைத் தாண்டிப் போக முடியாது. ஆசிய அமெரிக்கர் வரலாற்றைப் பாடத்தில் சேர்க்கச் சொல்லி நியூ ஜெர்சியில் 2022இல் சட்டமே வந்துவிட்டது, எனவே இடம் இல்லை என்ற பேச்சுக்கும் இடமில்லை.

முதல் உலகப் போர்ல அமெரிக்கா ஏன் சேர்ந்தது? ஒரு வரியில சொல்லுங்களேன்.

ஒரு வரியில் சொன்னால் தப்பாகத்தான் சொல்வேன். 1915இல் ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்த லூசிடானியா கப்பலில் 128 அமெரிக்கர்கள் இறந்தார்கள். ஆனால் போர் அறிவிப்பு 1917 ஏப்ரலில். இடையில் ஏறக்குறைய இரண்டு வருஷம். அதில் "நம்மைப் போருக்கு வெளியே வைத்திருந்தார்" என்று பிரசாரம் செய்தே வில்சன் மறுபடி ஜெயித்தார். நேச நாடுகளுக்குக் கொடுத்த கடன், ஜெர்மனி மறுபடி தொடங்கிய நீர்மூழ்கித் தாக்குதல், அமெரிக்காவுக்கு எதிராக மெக்சிகோவைத் தூண்டிவிட ஜெர்மனி அனுப்பிய சிம்மர்மன் தந்தி என்று அட்டைகளில் எழுதிக் கொடுத்து, முக்கியத்துவப்படி அடுக்கச் சொல்லுங்கள். சண்டை போடுவார்கள், போடட்டும்.

போர் உள்நாட்டில் என்ன செய்தது என்பதற்குத்தான் நான் அதிக நேரம் கொடுப்பேன். சோஷலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸ் ஓஹையோவில் ஒரு போர் எதிர்ப்புப் பேச்சுக்காக 10 ஆண்டு தண்டனை வாங்கி, 1920இல் சிறையிலிருந்தே அதிபர் தேர்தலில் நின்று 9 லட்சத்துக்கும் மேல் ஓட்டு வாங்கினார். ஜெர்மன் மொழி மேலேயே வெறுப்பு வந்தது. நெப்ராஸ்காவில் எட்டாம் வகுப்பு முடிக்காத பிள்ளைக்கு வேற்று மொழி கற்பிப்பது குற்றம் என்று 1919இல் சட்டம் வந்தது. பத்து வயதுப் பிள்ளைக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுத்த ராபர்ட் மேயர் என்ற ஆசிரியருக்கு 25 டாலர் அபராதம். 1923இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது. வார இறுதியில் பிள்ளையைத் தமிழ்ப் பள்ளியில் விடும் ஒவ்வொருவரும் இந்த வழக்கின் பெயரைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்: மேயர் எதிர் நெப்ராஸ்கா.

கிளாஸ்ல அரசியல் பேசுறீங்கன்னு ஒரு பேரண்ட் புகார் குடுத்தா என்ன பண்றது?

எனக்கும் வந்திருக்கிறது. வேலைநிறுத்தங்களை நடத்தியபோது, முதலாளிகளுக்கு எதிராகப் பிள்ளைகளைத் தூண்டுவதாக ஒருவர் எழுதினார். அவரை வரச் சொல்லி, அன்று கொடுத்த தாள்களை முன்னால் வைத்தேன். தொழிலாளியின் கடிதமும் இருந்தது, ஆலை முதலாளியின் அறிக்கையும் இருந்தது. கேள்விகள் மட்டும் இருந்தன, விடை இல்லை. இரண்டையும் உட்கார்ந்து படித்துவிட்டுப் போனார். சம்மதித்தாரா தெரியாது, புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். தாள்களை எடுத்து வையுங்கள், மாநிலப் பாடத்திட்டத்தில் அது எந்த இடத்தில் வருகிறது என்று எழுதி வையுங்கள், துறைத் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பயந்து பாடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நான் இந்தியாவுல படிச்சவன். எனக்கே இதெல்லாம் தெரியாது. பிள்ளைக்கு வீட்ல எப்படி உதவி பண்றது?

பாடம் சொல்லித்தர வேண்டாம். இதை யார் எழுதினார், எப்போது, யாருக்கு என்று மட்டும் கேளுங்கள். பிள்ளை உங்களுக்கு விளக்கும்போதே பாதி படித்துவிடும்.

நியூ ஜெர்சியில் இருந்தால் ஒரு நாள் ஹேலிடன் போங்கள். 1913இல் பக்கத்துப் பேட்டர்சன் நகரின் பட்டு ஆலைத் தொழிலாளர்கள், இரண்டு தறிக்குப் பதில் நான்கு தறி பார்க்கச் சொன்னதை எதிர்த்தும் எட்டு மணி நேர வேலை கேட்டும் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்து தோற்றார்கள். பேட்டர்சனில் அவர்களைக் கூட்டம் போட விடவில்லை. ஹேலிடனின் சோஷலிஸ்ட் மேயர் விட்டார். பொட்டோ என்ற நெசவாளர் குடும்பத்தின் வீட்டு மாடியில் நின்று தலைவர்கள் பேச, எதிரே திடலில் ஆயிரக்கணக்கில் நின்று கேட்டார்கள். அந்த வீடு இப்போது தொழிலாளர் அருங்காட்சியகம். பால்கனிக்குக் கீழே நின்றுகொண்டு, மைக் இல்லாத காலத்தில், ஆங்கிலம் சரியாகத் தெரியாத இத்தாலிய நெசவாளிக்குக் கடைசி வரிசையில் என்ன கேட்டிருக்கும் என்று உங்கள் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்.